பிறப்பதற்கு முன் வந்த பிறந்தநாள்

பெரம்பலூரில் நடக்காமல் போன விபத்துகளில் பாதியாவது எங்கள் பக்கத்து வீட்டு 'எதுக்கும் சார்' முன்கூட்டியே கவலைப்பட்டதால்தான் நடக்காமல் போயிருக்கும். இப்போது அவர் கோயம்புத்தூர்வாசி. அந்த ஊரில் விபத்துகள் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. "எதுக்கும் ஒரு கொடைய எடுத்துக்கங்க", "எதுக்கும் கேஸ ஒரு தடவ பாத்துட்டு வந்துருங்க" என்று எதைப் பேசினாலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குவார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அரியலூருக்குப் போவதானாலும் இரண்டு குடை எடுத்துப் போவார். முதல் குடை விரியாவிட்டால் என்ன செய்வது? சிறுவாச்சூர் கோயிலில் செருப்பை ஜோடியாக விடமாட்டார். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது அவர் வாதம். ஒருமுறை இடது கால் செருப்பை விட்ட இடம் மறந்துபோய், கூட்டம் கலையும்வரை கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

நான் தாலுகா ஆபீசில் காலம் தள்ளியவன். எந்த மனு எந்த மேசையில் தூங்கும், யார் தட்டினால் எழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட என்னையே ஒரு சனிக்கிழமை காலை அவர் தன் செல்போனுக்குள் சேர்த்துவிட்டார்.

குடும்ப வேலைகளை நேரப்படி ஒழுங்கு செய்யும் ஆப் அது. யாருக்கு என்ன வேலை என்று பதிந்துவிட்டால், உரிய நேரத்தில் எல்லாருடைய போனிலும் மணி அடிக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஒரே சிக்கல், அதற்குக் குடும்பம் என்று ஒன்று வேண்டும். அவர் மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குப் போயிருந்தார். இங்கே அவர் மட்டும்தான்.

எங்கள் வீட்டிலோ அப்போது குடும்பத்துக்குக் குறைவில்லை. மகள் கயல்விழி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை துபாயில். மீன்சுருட்டியிலிருந்து சம்பந்தியம்மா தினமும் போன் போட்டு, மருமகள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பார். என் மனைவி விசாரணைக் கமிஷனில் ஆஜரானவள் மாதிரி எழுந்து நின்று பதில் சொல்வாள். கயலுக்கு முன்பு ஒரு முறை கலைந்து, பிறகு தங்கியது இது. நானும் மனைவியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்துகொண்டிருந்தோம்.

"எதுக்கும் எல்லாரும் இதுல இருந்துக்கங்க சார். திடீர்னு வலி எடுத்தா, ஒரு தட்டுல அத்தன பேருக்கும் சேதி போயிடும்ல?" என்றார். பயந்தவனிடம் பயந்தவன் பேசினால் மறுப்பது கடினம். மதியத்துக்குள் துபாய், மீன்சுருட்டி உட்பட எல்லாரும் உறுப்பினர்கள்.

அதன்பிறகு வீட்டில் மணி ஓயவில்லை. மாத்திரைக்கு ஒன்று, இளநீருக்கு ஒன்று, நடைக்கு ஒன்று. எனக்கு வந்த உத்தரவு: 'ஆதார் நகல் சரிபார்க்கவும்.' ஊருக்கே நகல் சரிபார்த்தவன் நான். சாப்பாடு முடிந்ததும் இன்னொரு மணி. எதுக்கும் சார் கேட்டருகே வந்து, முருங்கை மரத்தைப் பார்த்தபடி கேட்டார்: "அம்மாடி... பாப்பா அசைவு... இருக்குதாம்மா?"

"ஆம்பள கேக்குற கேள்வியாங்க இது?" என்று என் மனைவி அடுப்படியிலிருந்தே சீறினாள்.

"உள்ள ஃபுட்பால் ஆடுது மாமா, எழுதிக்குங்க!" என்று சிரித்தாள் கயல்.

"எத்தன தடவன்னு போடட்டும்?" என்றார் அவர், மரத்திடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாப் போனிலும் ஒரே நேரத்தில் இசை. திரையில் பலூன்கள். 'பாப்பாவுக்கு இன்று பிறந்தநாள்! வாழ்த்துங்கள்!' என் மனைவியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் ஒரு சட்டைகூட வாங்காத வீடு இது. பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைப்பதோடு சரி.

எதுக்கும் சார் அவர் வாசலில் போனும் கையுமாக நின்றார். "அசைவு எழுதணும்னா பாப்பாவயும் உறுப்பினராச் சேக்கணுமாம் சார். சேத்தா பொறந்த தேதி கேக்குது. இன்னும் பொறக்கலன்னு போட எடமே இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு மறுநாள் தேதியப் போட்டேன்." 'உத்தேசத் தேதி' என்று ஒரு கட்டம் இல்லாத படிவத்தை எங்கள் ஆபீசில்கூட நான் பார்த்ததில்லை.

துபாயிலிருந்து அழுகை வந்தது. "மாமா, ஆணா பொண்ணா மாமா? மறைக்காமச் சொல்லுங்க!" அவரைச் சமாதானப்படுத்திவிட்டு மீன்சுருட்டிக்குப் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது வாசலில் வேன் வந்து நின்றபோது புரிந்தது.

இறங்கி வந்தவர் சம்பந்தியம்மா. "பேரப்புள்ள பொறந்த சேதிய போனு சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா சம்பந்தி? மீன்சுருட்டி என்ன அமெரிக்காவுலயா இருக்கு?"

"வாங்கத்தை" என்று இடுப்பைப் பிடித்தபடி கயல் வெளியே வந்தாள். சம்பந்தியம்மா அவள் வயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வயிற்றைப் பார்த்தார்.

"அப்ப பொறந்தது யாரு?"

விளக்கம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். "பொறக்காத புள்ளைக்குப் பொறந்தநாளா? வெளங்குமாய்யா இது?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். என் மனைவி அழுதுகொண்டே எதுக்கும் சாரைப் பார்த்துக் கத்தினாள்: "இனிமே இந்த வூட்டுப் படி ஏறாதீங்க!" எல்லாரும் அவரவர் போனிலிருந்து ஆப்பை நீக்கினோம். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம்.

பாதிச் சாப்பாட்டில், வேலிக்கு அப்பால் அவருடைய போன் மட்டும் மணி அடித்தது. சற்றுநேரத்தில் ஆள் கேட்டருகே வந்து நின்றார். படி ஏறவில்லை.

"திட்டறதுன்னா திட்டிக்குங்கம்மா. அசைவு மட்டும் கேட்டுச் சொல்லிருங்க, போயிடறேன்."

"யாருய்யா இந்த ஆளு..." என்று சம்பந்தியம்மா எழுந்தார்.

கயல் சிரிக்கவில்லை. இடது கையை வயிற்றின்மேல் வைத்தாள். கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "அம்மா... காலையிலேருந்து இந்தச் சத்தத்துல நான் கவனிக்கவே இல்ல. ஒண்ணுமே தெரியலம்மா."

அடுத்து நடந்ததில் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. கயலை வேனில் ஏற்றினோம். சம்பந்தியம்மா எச்சில் கையோடு ஏறினார். டிரைவரைக் காணோம் என்று நான் கத்துவதற்குள், டீக்கடையிலிருந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார் எதுக்கும் சார். வேனின் பக்கவாட்டில் தட்டி, "ரைட், ரைட், எடு!" என்றார். அவர் வாழ்நாளில் அனுப்பிய வண்டிகளில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். "உடனே எடுத்துரலாம், கையெழுத்துப் போடுங்க" என்றார். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டேன். பேனா எழுதுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. ஆட்டோவில் பின்னாலேயே வந்த எதுக்கும் சார் எங்கள் பக்கம் வராமல், தண்ணீர்த் தொட்டி அருகே சுவரைப் பார்த்து நின்றார்.

பொழுது சாயும் முன் உள்ளே ஒரு குரல் அழுதது. நாங்கள் வெளியே அழுதோம். பேத்தி. "நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டிருந்தா கஷ்டமாப் போயிருக்கும். நல்லவேள, யாரோ கவனிச்சிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. நாங்கள் மூவரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பினோம். என் மனைவிதான் எழுந்து போனாள். என்ன பேசினாள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவரும் கூட வந்தார். நான் கண்ட பதிவுகளில், பிறந்த தேதி திருத்தம் தேவைப்படாத முன்பதிவு, ஆப்பில் அவர் போட்ட அது ஒன்றே.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று சேனை வைக்கும் பேச்சு எழுந்தது. பிள்ளையின் உதட்டில் யார் முதலில் சீனித் தண்ணீரைத் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் அதற்கு ஒட்டும் என்பார்கள். தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் கூடாது என்று நர்ஸ் கண்டித்து அனுப்பியிருந்தார். சம்பந்தியம்மா அசரவில்லை. "வெறும் வெரல வச்சாப் போதும். கொணம் சீனியிலயா இருக்கு?" என்றார். உரிமைப்படி அவர்தான் வைப்பார் என்று காத்திருந்தோம். அவரோ வாசலைப் பார்த்து, "அந்தப் பக்கத்து வூட்டுக்காரரக் கூப்பிடுங்க" என்றார்.

"நானாம்மா? வேண்டாம்மா, என் கொணம் புள்ளைக்கு ஒட்டிக்கும்மா!" என்று பதறினார் அவர்.

"அதுக்குத்தான் கூப்பிடறேன். உள்ள வாங்க."

சோப்புப் போட்டுக் கை கழுவினார். துடைத்துவிட்டு மறுபடி கழுவினார். சுண்டுவிரலை அந்தப் பிஞ்சு உதட்டில் வைத்து, சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார். பேத்தி முகத்தைச் சுளித்தாள்.

சாங்கியம் எதையும் நான் நம்பியவனில்லை. இந்த ஒன்று மட்டும் பலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.