இணை மனுதாரர்

உலகத்தில் எழுதிக் கேட்டால் கிடைக்காத பொருள் ஒன்றுகூட இல்லை என்று முழு மனதோடு நம்பிய ஒரே ஜீவன் மனுதான். நான் பார்த்தவரை அப்படி இன்னொருவர் இல்லை. இருந்தால் தாங்கும் தெம்பு எனக்கும் இல்லை.

மனு என்பது பட்டப்பெயர். பெற்றோர் வைத்த அழகான பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. பாஸ்போர்ட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. அவள் அப்பா அரியலூரில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், தெருக்குழாய் என்று ஊர்க் குறைகள் எல்லாம் அவர் பேனா வழியாகத்தான் உள்ளே போகும். மகள் ‘அ, ஆ’வுக்கு முன்பே ‘அனுப்புநர், பெறுநர்’ எழுதப் பழகியவள் என்று காலேஜில் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

பெரம்பலூர் பக்கம் நாங்கள் படித்த இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போலந்தில் ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. இரண்டு பேர் ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கலாம். எங்கள் டிபார்ட்மென்ட்டில் கையில் பாஸ்போர்ட் வைத்திருந்தது இரண்டே பேர். சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போவதற்காக எடுத்து வைத்து, போகாமலே இருந்தவள் நான். அப்பா ஃபாரம் நிரப்பிப் பழகுவதற்காகக் குடும்பத்துக்கே பாஸ்போர்ட் எடுத்ததில் ஒன்று கிடைத்தவள் மனு. அவள் பெயரைப் பார்த்ததும் பிரின்சிபால் யோசிக்கவே இல்லை. ஹாஸ்டல் சாம்பார் பற்றி அவள் கொடுத்திருந்த பதினோரு மனுக்களும் அவர் மேஜையில்தான் இருந்தன. ஐந்து மாதம் அவள் ஊரில் இருக்க மாட்டாள் என்ற ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. நான்கு மெய்யெழுத்துகள் வரிசையாக வரும். பத்திரிகையில் பிழை திருத்துபவர் என்னைத் திட்டுவார். அக்டோபர் மாதம். இரண்டு விமானம், ஒரு ரயில், ஒரு டிராம் மாறி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஹாஸ்டல் அறைக்குள் நுழைந்தபோது எனக்கிருந்த ஒரே ஆசை தூங்குவது. ஆனால் ஜன்னல் சரியாக மூடவில்லை. ஒரு விரல் இடைவெளியில் குளிர்காற்று விசிலடித்தது. நான் துண்டைச் சுருட்டி அதில் திணித்துவிட்டுப் படுத்தேன்.

மனு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. பேனாவைத் திறந்தாள்.

“ஏ புள்ள, எழுந்திரி. கையெழுத்துப் போடு.”

“எதுல?”

“மனுவுல. ஒருத்தர் பேர்ல குடுத்தா தனிப்பட்ட கோரிக்கை. ரெண்டு பேரு சேந்து குடுத்தா பொதுப்பிரச்சின. நீ இணை மனுதாரர்.”

போட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

ஹாஸ்டல் நிர்வாகி எவா ஒரு பருத்த அம்மாள். போலந்தில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் பெயருக்கு முன்னால் ‘பானி’ சேர்க்க வேண்டும். பானி எவா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்து அறைக்காரர்கள் எச்சரித்திருந்தார்கள். மனு ஆங்கிலத்தில் எழுதிய மனுவை, அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை தவறாமல், இரண்டு பிரதிகளாக அவர் முன்னால் வைத்தாள். ஒன்றில் முத்திரை வைத்துத் திருப்பித் தரும்படி சைகை காட்டினாள். பானி எவா அதை இரண்டு முறை படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஒன்றல்ல, மூன்று முத்திரைகளை எடுத்து, மூன்றையும் குத்தினார். அந்த நாட்டிலும் எதற்கும் எழுதித்தான் கேட்க வேண்டுமாம். எதிலும் முத்திரை இருக்க வேண்டுமாம். வந்து சேரும் மாணவர்கள் ஒருவருக்கும் ஒழுங்காக எழுதத் தெரியவில்லை என்பதுதான் அந்த அம்மாளின் பல வருடக் கவலை.

இரண்டு மணி நேரத்தில் ஒருவர் கருவிப் பெட்டியோடு வந்து ஜன்னலைச் சரிசெய்துவிட்டுப் போனார். மனு பேயறைந்த மாதிரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டே மணி நேரம்டி. எங்க தெருக்கொழாய்க்கு எங்கப்பா எட்டு வருசமா எழுதுறாரு. நான் இன்னும் நினைவூட்டல் மனுவே போடல, அதுக்குள்ள வந்துட்டான்!”

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க ஆளில்லை. டிராம் அரை நிமிடம் முன்னால் கிளம்புகிறது என்று ஒரு மனு. மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. கேன்டீனில் பீட்ரூட் சூப் காரமே இல்லாமல் புளிக்கிறது என்று ஒரு மனு. மறுநாள் கவுன்ட்டரில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மிளகாய்த்தூள் வந்து உட்கார்ந்தது. டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது, வெளிநாட்டு மாணவர்கள் சூரியனைப் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று டீனுக்கே ஒன்று எழுதினாள். சூரியன் தமது அதிகார வரம்புக்குள் வரவில்லை என்று டீன் கையெழுத்திட்டுப் பதில் அனுப்பினார். மனு அதைக் கவனமாகப் படித்தாள்.

“நியாயமான பதில்தான். ஆனா எந்தத் துறைக்குப் போவணும்னு சொல்லாம விட்டுட்டாரு.”

எல்லாவற்றிலும் கீழே என் கையெழுத்து. வகுப்புக்குக் கிளம்பினால் ஒன்று, திரும்பி வந்தால் ஒன்று. ஊரில் என் அப்பா நிலம் விற்றபோதுகூட அத்தனை கையெழுத்துப் போட்டதில்லை.

விஷயம் ஹாஸ்டல் முழுக்கப் பரவியது. திங்கள்கிழமை தோறும் சாயங்காலம் எங்கள் தளத்துச் சமையலறையில் மனு உட்கார்ந்துவிடுவாள். எங்கள் ஊர்க் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமைதான் மனு வாங்கும் நாள். அதை மாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. நைஜீரியா, துருக்கி, வியட்நாம் என்று வரிசை நிற்கும். அடுப்பருகே நான் போக முடியாது. ஒரு குக்கர் சோறு வைக்க, “எக்ஸ்க்யூஸ் மீ” என்று ஆறு தேசங்களைத் தாண்ட வேண்டும். ஜார்ஜியாக்காரன் ஒருவன் பிரிந்துபோன காதலி திரும்பி வர மனு கேட்டான். முந்தைய வாக்குறுதிகளைத் தேதிவாரியாகப் பார்வையில் குறிப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் முடியாது என்று பதில் அனுப்பினாள். “பதில் வந்துருச்சில்ல? அப்ப மேல்முறையீடு பண்ணலாம்” என்றாள் மனு, உற்சாகமாக.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. குளிரா, இருட்டா, பாதி புரிந்து பாதி புரியாத வகுப்புகளா, சொல்லத் தெரியவில்லை. பெரம்பலூரில் முதல் மதிப்பெண் வாங்கியவள், அங்கே கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். முதலில் காலை வகுப்பை விட்டேன். பிறகு லேப். டிசம்பர் பாதிக்கு மேல் கட்டிலை விட்டு எழுவதே பெரிய வேலையாகிவிட்டது. பெரம்பலூர் துறைமங்கலத்திலிருந்து அம்மா போன் செய்வாள்.

“சாப்ட்டியா கண்ணு?”

“சாப்ட்டேம்மா.”

“காலேஜு போனியா?”

“போயிட்டு இப்பதான் வரேன்.”

போர்வைக்குள் படுத்துக்கொண்டு சொல்வேன். எதிர்க் கட்டிலில் மனு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். “என்னடி ஆச்சு?” என்பாள். “ஒண்ணுமில்ல” என்பேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோறு ஆறுவதற்குள் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நான் எழுந்து உட்கார்ந்து சொன்னேன்:

“எனக்கு ஒரு மனு எழுதித் தா. படிப்ப நிறுத்திட்டு ஊருக்குப் போறேன்னு.”

அத்தனை மாதத்தில் நானாகக் கேட்ட முதல் மனு அது. அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

“எழுத மாட்டேன்” என்றாள்.

“ஊரு உலகத்துக்கெல்லாம் எழுதுற, எனக்கு எழுத மாட்டியா?”

“மாட்டேன். நீ கேக்குறது உனக்கு வேண்டியது இல்ல.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அவளால்தான் நிம்மதி போயிற்று என்றேன். சோறு பொங்கக்கூட இடமில்லை என்றேன். கடைசியாக, “நீயும் ஒங்கப்பா மாதிரி மரத்தடியிலயே உக்காந்துருக்கணும். இங்க எதுக்கு வந்த?” என்றேன்.

மனு பேனாவை மூடி டப்பாவில் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் திங்கள்கிழமை சமையலறையில் அவள் உட்காரவில்லை. வந்தவர்கள் எங்கள் அறைக்கதவை எட்டிப் பார்த்துவிட்டு, வாடிய முகத்தோடு திரும்பிப் போனார்கள். அன்றைக்கு அடுப்பு முழுக்க எனக்குக் கிடைத்தது. சோறு வைக்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை நானே ஒரு தாளில் நாலு வரி எழுதி எடுத்துக்கொண்டு பானி எவாவிடம் போனேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். தேதி இல்லை. பொருள் இல்லை. யாருக்கு என்று இல்லை. அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கி, செத்த பல்லியைப் போல என் பக்கமே நகர்த்தினார்.

“மோசம்” என்றார் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “உன் அறைப் பெண்ணிடம் எழுதி வாங்கி வா.”

“அவள் எழுத மாட்டேன் என்கிறாள்.”

“எழுதிவிட்டாளே!”

அவர் ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் விரித்தார். டீனுக்கு எழுதிய மனு, இன்னும் அனுப்பப்படாமல் இருந்தது. நாங்கள் சண்டை போடுவதற்கு மூன்று நாள் முன்பே தேதியிட்டிருந்தது. பொருள்: என் அறைத்தோழி எழுந்திருக்காதது தொடர்பாக.

நின்றுகொண்டே படித்தேன். அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

‘மேற்படி நபர் பதினேழு நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. சோம்பேறி அல்ல. நான் எழுதிய எல்லாவற்றிலும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர். தனக்காக எதையும் கேட்கத் தெரியாதவர். எங்கள் ஊரில் என் அப்பாவிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அழுவார்கள். என்ன வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வராது. அப்பா விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எழுதுவார். இவரிடம் விசாரித்தால் ஒன்றுமில்லை என்கிறார். நான் பார்த்தவரை இவருக்குத் தேவை ஒரு டாக்டரும் கொஞ்சம் அவகாசமும். விட்ட லேப்களை முடிக்கவும், பரீட்சையைத் தள்ளி எழுதவும் அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன். முடியாது, ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றால், என்னையும் சேர்த்து அனுப்பிவிடவும். இவருக்குத் தனியாக விமானம் மாறத் தெரியாது.’

கீழே அவள் கையெழுத்து. பக்கத்தில் ‘இணை மனுதாரர்’ என்று எழுதி, கோடு மட்டும் போட்டிருந்தாள். என்னிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

எனக்குக் கண் மறைத்தது. பானி எவா பேனாவை நகர்த்தி வைத்தார். கையெழுத்துப் போட்டேன். மூன்று முத்திரையும் விழுந்தன.

டீன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எதற்கெடுத்தாலும் எழுதுகிறவளுக்கு அங்கே ஒரு வார்த்தை பேச வரவில்லை. அரியலூரில் கலெக்டர் முன்னால் நிற்கிறவர்களைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் பேசினேன். திக்கித் திக்கி, எழ முடியவில்லை, உதவி வேண்டும் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் அதைச் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. டாக்டரிடம் அனுப்பினார்கள். பரீட்சை மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. மனு தன் பரீட்சையை முடித்துவிட்டு, எனக்காக இன்னும் ஐந்து வாரம் அந்த ஊரிலேயே கிடந்தாள்.

அன்றைக்கு டீன் அறையிலிருந்து வெளியே வந்ததும் அவளிடம், “அப்பாவப் பத்திச் சொன்னது தப்புதான்டி” என்றேன்.

“தப்புதான்” என்றாள். “வா, பசிக்குது.”

அவ்வளவுதான். அதைப் பற்றி இதுவரை ஒரு வரி பேசியதில்லை.

நான் இப்போது பெரம்பலூரில் பாடம் நடத்துகிறேன். அவளுக்குத் திருச்சியில் வேலை. போன மாதம் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். காலையிலிருந்து வாய் ஓயவில்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரையைச் சரிபார்த்தாள். எங்கள் வீட்டு மோட்டார் சத்தம் சரியில்லை என்றாள். நான் இளைத்துவிட்டேன் என்று ஆறு தடவை சொன்னாள். தலைவலியே வந்துவிட்டது. சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாகவும் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள், ஹாரனில் கேட்கவில்லை.

அவள் கூட இருந்தால் களைப்பாக இருக்கிறது. கிளம்பிப் போய்விட்டால், அதைவிடக் களைப்பாக இருக்கிறது.