சைலன்ஸ் சார் வீட்டு ‘டிங்’

திருவண்ணாமலைக்கு அமைதியைத் தேடி வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த அமைதிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் எனக்கு ஹவுஸ் ஓனராக வாய்த்தார்.

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் வீடு. மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில். பி.டி. வாத்தியாராக முப்பது வருஷம் மைதானத்தில் கத்திவிட்டு ரிட்டயர் ஆனவர். மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வாசலில் நின்று “சைலன்ஸ்!” என்று ஒரு குரல் கொடுத்தாரென்றால் ரோட்டில் போகிற ஆட்டோ, தன்னைத்தான் நிறுத்துகிறார்கள் என்று நின்றுவிடும். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘சைலன்ஸ் சார் வீடு’ என்றால் சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

தியானம் செய்ய வருகிறவர்களுக்கென்றே மாடி அறையை வாடகைக்கு விட்டுவந்தார். நான் தியானம் செய்ய வரவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக மருந்து டப்பாக் குறிப்புகளைத் தமிழாக்குவது என் வேலை. ‘நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும்’ என்று எழுதுவதற்குத் திருவண்ணாமலை போதும் என்று வந்தேன். வந்த அன்றே எனக்கு இன்டர்வியூ நடந்தது.

“கொறட்டை உண்டா?”

“தெரியலைங்க. அந்நேரம் நான் தூங்கிட்டிருப்பேன்.”

“நக்கலா? குக்கர் வெப்பியா?”

“ஓட்டல் சாப்பாடுதாங்க.”

“இருமல்?”

“இப்போதைக்கு இல்லைங்க.”

“வந்தா சொல்லணும்!” என்று அவர் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கொடியில் இருந்த காக்கை பறந்துபோயிற்று.

வீடு முழுக்க போர்டுகள். ‘கதவைச் சாத்துவது கதவுக்கே தெரியக் கூடாது.’ ‘தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மவும்.’ ‘வெளியே போகும்போது அறையின் மெயினை அணைக்கவும்.’ நான் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டேன். தெருவுக்குப் போய்த் தும்மினேன். என்னைப் போன்ற ஒரு வாடகைதாரன் அவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் கிடைத்திருக்க மாட்டான். அப்படிப்பட்ட என் மேல்தான் அந்தப் பழி விழுந்தது.

இரண்டாம் நாள் காலை பத்து மணி வாக்கில், ‘டிங்’ என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டரில் ஏதாவது செய்தி வந்தால் வருமே, அதே சத்தம். என் லேப்டாப்பைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மாடிப்படியில் விசில் சத்தம் கேட்டது. ஆமாம், பி.டி. வாத்தியாரின் அந்த விசில் இன்னும் அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி! அது இன்னா சத்தம்?”

“என்னுது இல்லைங்க.”

“பின்ன, என்னுதா?”

லேப்டாப்பில் சத்தத்தை மொத்தமாக நிறுத்தினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி ‘டிங்’. மறுபடி விசில். மறுநாள் காலையிலும் அதேதான். லேப்டாப்பைப் போர்வைக்குள் சுற்றி வைத்தேன். ‘டிங்’. போனை அணைத்தேன். ‘டிங்’. சாருக்குப் போனின் மேலும் சந்தேகம் வந்து, அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னிடமிருந்து எதையும் பிடுங்கியதில்லை.

ஒருநாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, தியானத்தில் இருக்கிறவர் மாதிரி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டேன். ‘டிங்’ வந்தது. துள்ளி எழுந்து, விசிலை ஊதி, என்னைப் பார்த்துக் கை நீட்டி, “அவுட்!” என்றார்.

“சார், நான் ஒண்ணுமே பண்ணலையே!”

“நீ வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல இந்தச் சத்தம் கெடையாது. நீ வெளிய போனா சத்தம் வர்றதில்ல. நீ இருந்தா வருது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? ஒரு வாரம் டைம். ரூமைக் காலி பண்ணிடு.”

தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இந்த ஊரில் அறையைக் காலி செய்யச் சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. லாட்ஜில் விசாரித்தால் சிரிக்கிறார்கள். மொட்டை மாடியில் படுக்க இடம் கேட்டேன். அதையும் போன மாசமே பேசி முடித்துவிட்டார்களாம். செய்யாத குற்றத்துக்காக மலையைச் சுற்றிவரும் கூட்டத்தோடு பெட்டியும் கையுமாக நானும் சுற்றப்போகிறேன் என்று நினைத்தபோது வந்த ஆத்திரம், இன்றுவரை முழுதாக அடங்கவில்லை.

அந்த ஆத்திரத்தில் லேப்டாப்பைக் கொண்டுபோய் டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். “என்ன பிராப்ளம்?” என்றார் கடைக்காரர். “ஒண்ணும் இல்லை. ரெண்டு நாள் வச்சிருங்க” என்றேன். வினோதமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

மறுநாள் காலை வெறும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருந்தேன். ‘டிங்!’

விசிலோடு வந்தவரை நான் பேசவே விடவில்லை. அந்த வீட்டில் அவரைத் தவிர வேறொருவர் கத்தியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“லேப்டாப் கடையில கெடக்குது சார்! இப்ப யாரு சத்தம் போட்டது?”

அவர் சுற்றிலும் பார்த்தார். “அப்ப... உன் போனு?”

“அது உங்க சட்டைப் பையில இருக்குது!”

பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போதும் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. “வேற எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்க” என்று கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சலைதான் அப்போது வாயைத் திறந்தார். காலையும் மாலையும் வீட்டு வேலைக்கு வருகிறவர் அவர். “ஐயா, இந்த மாடி சார் மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போனார்னா நான் பெருக்க வரப்போ சத்தமே இருக்காது. லைட்டு எரிஞ்சாத்தான் அதுவும் வருது. கரண்ட்ல ஓடுற எதுவோ இங்கியே கீது போல.”

பத்து நாளாக இரண்டு ஆண்பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்ததற்கு அஞ்சலை துடைப்பத்தோடு விடை சொல்லிவிட்டார். நாற்காலி மேல் ஏறிப் பரணில் கையை விட்டுத் துழாவியதும் அவர்தான். பழைய சூட்கேசுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “சார், இங்க ஒரு டப்பா நீலமா கண் சிமிட்டுது!”

கையடக்க ஸ்பீக்கர் ஒன்று. பரண் பிளக்கில் மாட்டியபடியே இருந்தது. கம்பி இல்லாமல், பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் சத்தத்தை வாங்கிப் பாடுகிற வகை.

பார்த்ததும் சைலன்ஸ் சார், “இது அந்த இத்தாலிக்காரனோடது!” என்றார். எனக்கு முன்னால் அங்கே தங்கியிருந்தவராம். பாட்டுக் கேட்டால் விசில் வருமே என்று பயந்து பரணில் ஒளித்து வைத்துக் கேட்டிருப்பார். காலி செய்தபோது மறந்துவிட்டார். நான் குடிவந்து மெயினைப் போட்டதும் அதற்கு உயிர் வந்துவிட்டது.

“இது தானா சத்தம் போடாது சார். ஏதோ ஒரு கம்ப்யூட்டரோட சேர்ந்திருக்கு. இந்த வீட்ல வேற கம்ப்யூட்டர் இருக்கா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். பதில் சொன்னது அஞ்சலைதான். “கீழ ஒண்ணு கீதே. துண்டு போட்டு மூடி, நாள் பூரா ஆன்லயே வெச்சிருக்காரு. தொடக் கூடாதும்பாரு.”

இழுத்து இழுத்து விஷயம் வெளியே வந்தது. மகள் அதில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் காட்டிப் பேசுவாள். கம்ப்யூட்டரின் சொந்த ஸ்பீக்கர் கெட்டுப்போயிருந்ததால் இத்தாலிக்காரர் தன் ஸ்பீக்கரை அதோடு சேர்த்துக் கொடுத்து உதவியிருக்கிறார். ஒருநாள், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகள் சொல்ல, இவர் கத்தியிருக்கிறார். “இனிமே எனக்குப் போன் பண்ணாத! எதுனா இருந்தா எழுது!” பேச்சு நின்றது. ஸ்பீக்கர் மாடிக்குத் திரும்பிப் போனது.

“எழுதினா சத்தம் வரும்னு அந்த இத்தாலிக்காரன் சொன்னான். மூணு மாசமா ஒரு சத்தமும் வரல. நானா போய்த் தெறந்து பாக்கணுமா? அவளுக்கே இல்லாத அக்கறை எனக்கு எதுக்கு?”

நான் கீழே இறங்கினேன். அவரும் பின்னாலேயே வந்தார். துண்டை எடுத்துவிட்டு, மானிட்டரை ஆன் செய்தேன். மகள் பெயருக்குக் கீழே செய்திகள் வரிசையாக நின்றன. தினமும் இரண்டு. அங்கே அவள் எழுந்ததும் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று.

தனக்கு வந்த கடிதத்தைத் தனக்குள் படிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. மைதானத்தில் பெயர் கூப்பிடுகிற குரலில் படிக்க ஆரம்பித்தார்.

“அப்பா! சாப்டீங்களா! அப்பா! கோவமா! போன் பண்ணாதன்னு சொன்னீங்க, பண்ணல! எழுதச் சொன்னீங்க, எழுதுறேன்! பதிலாவது போடுங்க! வீட்டை விக்க வேணாம்பா! நானே வரேன்!”

தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். “மெதுவாப் படிங்க ஐயா, பொண்ணு சமாச்சாரம்” என்று அஞ்சலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சார் காதில் எதுவும் விழவில்லை. எல்லாவற்றையும் படித்து முடிக்க முக்கால் மணி நேரமாயிற்று. பிறகு ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, ‘சாப்பிட்டேன்’ என்று தட்டி அனுப்பினார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டாரா? திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்தானே நீ? பத்து நாள் முன்னாடியே கண்டுபுடிச்சிருக்க வேணாம்? உன்னால என் பொண்ணு பத்து நாள் ஜாஸ்தியா காத்திருந்தா!”

கோபத்தில் தெருமுனை டீக்கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தேன். திரும்பி வந்தால், மேஜை மேல் என் போன் இருந்தது. பக்கத்தில் தட்டு போட்டு மூடிய சாப்பாடு. அவரே சமைத்ததாம். சாம்பாரில் உப்பு கம்மி. காலி செய்கிற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருந்தேன். சென்னைக்குத் திரும்பிய அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். என்னை ஏற்றிவிட்டு, “என் தம்பிக்கு ஜன்னல் ஓரம் கொடுங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை.