கசப்பின் வேர்

தாலி கட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முந்தின நாள் மாஸ்கோவிலிருந்து வந்திறங்கிய விக்டர், மலையகத்து லிந்துலைக் கோயில் மண்டபத்து வாசலில் நின்று, "கசப்பு! கசப்பு!" என்று தமிழில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். பெண்ணின் தகப்பனார் கஜேந்திரன் மாஸ்டர் பதறியடித்துக்கொண்டு அவனிடம் ஓடினார்.

ரஷ்யக் கல்யாணங்களில் விருந்தாளிகள் இப்படித்தான் கத்துவார்கள். கசப்பு போய் இனிப்பதற்கு மணமக்கள் முத்தம் கொடுத்துக்கொள்ள வேண்டும். லிந்துலைக்கு இதெல்லாம் தெரியுமா? அதிலும் மாப்பிள்ளையின் தாய் ராக்காயி சகுனம் பார்ப்பதில் சூரப்புலி. காலில் அட்டை ஏறிவிட்டதென்று பாதி வழியில் திரும்பி, நிச்சயதார்த்தத்தையே ஒரு வாரம் தள்ளிவைத்தவர்.

"வேணாம்டா," என்றார் கஜேந்திரன், மாஸ்கோவில் அவனோடு படித்த காலத்து ரஷ்ய மொழியில். "நல்ல நாள்ல அப்படிச் சொல்லக் கூடாது. சம்பந்தி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா எம் பொண்ணு கதி?"

விக்டரின் முகம் வாடிவிட்டது. "என் கல்யாணத்துல நீதானே தொண்டை கிழியக் கத்தின? பதிலுக்குக் கத்தணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தேன்."

கஜேந்திரனுக்கு நெஞ்சு இளகிப்போனது. விடுதி அறை, ஜன்னலுக்கு வெளியே பனி, ஊரிலிருந்து கொண்டுபோன தேயிலை, மொழியியல் பாடத்துக்காக ஒரே ஒரு சொல்லோடு இருவரும் மல்லுக்கட்டிய இரவுகள். என்ன நாட்கள் அவை! ரஷ்ய மொழி முதலான ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியில் 'கசப்பான' என்பதற்கு என்ன சொல்லியிருப்பார்கள்? யாரும் எழுதிவைக்கவில்லை. பேரன்மாரின் மூக்கைப் பார்த்துப் பாட்டனின் மூக்கை ஊகிக்கிற வேலைதான். அப்படி ஊகித்த சொல் 'கோரிக்கு'. ஊகம் என்று காட்ட முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் போடுவார்கள்.

அந்தப் படிப்பு இப்போது கைகொடுக்கும் என்று தோன்றியது.

"டேய், அந்தச் சொல்லு எதுலேர்ந்து வந்துச்சு? 'எரியிறது'ங்கிறதுலேர்ந்துதானே? நாக்கை எரிக்கிறதாலதான் கசப்புன்னு ஆச்சு. வேர்ல கசப்பே கிடையாது. அப்புறம் எதுக்கு அதைக் கத்தணும்?"

"அட, ஆமா!" விக்டரின் முகம் மலர்ந்தது. கைபேசியை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தான்.

கஜேந்திரனுக்கு உயிர் வந்தது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, நண்பனைக் கடைசி வரிசையில், சமையல்கட்டு வாசலை ஒட்டி உட்காரவைத்தார்.

மகள் நிலக்ஷியின் கழுத்தில் தாலி ஏறியது. கெட்டிமேளம் ஓய்ந்ததுதான் தாமதம், சமையல்கட்டுப் பக்கமிருந்து மண்டபம் அதிர ஒரு குரல் எழுந்தது.

"எரியுது! எரியுது!"

அவ்வளவுதான். சனம் வாசலுக்குப் பாய்ந்தது. தவில்காரர் தவிலோடு ஓடினார். எவனோ ஒரு புண்ணியவான் வாளித் தண்ணீரைத் தூக்கி விறகடுப்பில் ஊற்றினான். அந்தப் புகை மண்டபத்துக்குள் வந்ததும், அதுவரை நம்பாமல் உட்கார்ந்திருந்தவர்களும் ஓடினார்கள்.

உள்ளே மிஞ்சியது மணமக்களும் விக்டரும்தான். அவன் கைதட்டிக்கொண்டு இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

வெளியே தூறலில் நனைந்த பட்டுச்சேலையோடு ராக்காயி நேராகக் கஜேந்திரனிடம் வந்தார். கஜேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. சகுனம் பாக்குற உங்க முன்னாலயே இப்படி ஆயிருச்சு..."

"பின்ன என்னங்க? பதினஞ்சு வருசமா நுவரெலியா ஹோட்டல்ல ரஷ்யாக்காரங்க கல்யாணத்துக்குச் சமைக்கிறேன், 'கசப்பு'ன்னு கத்தாட்டித்தான் சகுனம் சரியில்லைம்பாங்க. அதுக்குத்தானே காலையிலயே அவருக்கு அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்தேன், எவன் அதை மாத்தினான்?"