கூமாப்பட்டி நட்சத்திரப் பையன்

"பியூலாகிட்ட மட்டும் பொய் சொல்லிராதீங்க மாப்ளே. சொன்னா அவ..." என்று கல்யாணத்தன்று என் மாமனார் ஏதோ எச்சரித்தார். சொன்னால் என்ன செய்வாள் என்பது மறந்துபோச்சு. அந்த நேரம் பார்த்துப் பந்தியில் பாயசம் வந்துவிட்டது.

இருபது வருஷம் சிங்கப்பூரில் கப்பல் சரக்குக் கம்பெனியில் மெயில் எழுதிவிட்டு ராஜபாளையம் திரும்பியவன், ஒரு மகத்தான தீர்மானம் செய்தேன். இனி நாவல்தான். இளவட்டங்கள் படிக்க ஒரு கிறிஸ்துமஸ் மாயக் காதல் கதை. வானத்து நட்சத்திரம் ஒன்று பையனாகக் கூமாப்பட்டியில் இறங்குகிறது. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும் சிவரஞ்சனி அவனை விரும்புகிறாள். பண்டிகை முடிந்ததும் அவன் வானத்துக்குத் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் வானத்தில் அவன் இருந்த இடம் இருண்டுவிடும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பதிப்பாளர் போனில் கறாராகச் சொன்னார்: "ரெண்டு பேரையும் பிரிச்சு வச்சீங்கன்னா புத்தகம் கிடையாது சார். போர்வைக்குள்ள படுத்துப் படிக்கிற பிள்ளை சிரிச்சுக்கிட்டே தூங்கணும்."

பியூலாவிடம் யோசனை கேட்கலாம். ஆனால் கதை என்றால் அவளுக்குக் கொட்டாவி வரும். ஊர்ச்செய்தி என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். எனவே நாவலையே ஊர்ச்செய்தியாக்கினேன். நட்சத்திரம் என்பதை மட்டும் மறைத்துவிட்டேன், செய்தி தாங்காது. என் புத்தியை நினைத்து எனக்கே புல்லரித்தது.

"கூமாப்பட்டிக்கு ஒரு பையன் வந்திருக்கானாம் பியூலா. எந்த ஊருன்னே தெரியலையாம்."

முறுக்குப் பிழிந்த கை நின்றது. "யாரு வீட்டுக்கு?"

"சிவரஞ்சனின்னு ஒரு பொண்ணு. அவ வீட்டுத் தோப்புல இருக்கான். ஊரே கரண்ட் போயிக் கிடந்தப்ப, அவன் கட்டுன கிறிஸ்துமஸ் ஸ்டார் மட்டும் எரிஞ்சுச்சாம்."

"பேட்டரி போட்டிருப்பான்."

"கைய வச்சாலே வெந்நீர் காயுதாம்."

"கேஸ் மிச்சம். நல்ல மாப்பிள்ளைதான். வேலை?"

"அவிய ஊர்லதான். லீவு முடிஞ்சதும் போயே ஆகணுமாம். போகாட்டி அங்க இருட்டாயிருமாம்."

"கரண்டாபீஸ்ல இருக்கானோ? எந்த ஊரு?"

"மேல."

"மேலன்னா? கொடைக்கானலா?"

"அதுக்கும் மேல."

அவள் எழுந்தாள். "அதுக்காக அந்தப் புள்ளைய விட்டுட்டுப் போறதா? ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் கூமாப்பட்டிக்குப் போக வத்திராயிருப்பு பஸ்ஸப் புடிப்போம். நானே பேசி முடிக்கேன். அவளுக்கு எம்புட்டு முறுக்கு எடுத்துவைக்க?"

இல்லாத பெண்ணுக்கு டப்பாவில் முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வேறு வழியில்லாமல் பையனை ஊரைவிட்டே கிளப்பினேன்.

"அவன் முன்னாடியே போயிட்டானாம் பியூலா. சொல்லாமக் கொள்ளாம."

"ஐயோ பாவம்" என்று டப்பாவை மூடினாள். முடிவும் கிடைக்கவில்லை, முறுக்கும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துணி எடுக்கப் போனாள். திரும்பும்போது கையில் பால்கோவா.

"ஏங்க, சிவரஞ்சனியப் பாத்தேன்."

டீ மூக்கில் ஏறியது. "யாரை?"

"கூமாப்பட்டிப் புள்ளையத்தான். பால்கோவாக் கடையில நின்னா. காதுல குட்டி ஜிமிக்கி. முறுக்கக் குடுத்தேன், வெக்கப்பட்டுக்கிட்டே வாங்கிக்கிட்டா."

பார்த்திருக்க முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். மூடிக்கொண்டேன்.

"போனவன் திரும்பி வந்துட்டானாம்ங்க."

"எப்படி? அங்க இருட்டாயிருமே!"

"ராத்திரிக்குத்தான வெளிச்சம் வேணும்? பகல்ல அங்க அவனுக்கு என்ன சோலி? அவதான் கேட்டிருக்கா. 'ராஜபாளையம் மில்லுல நைட் ஷிப்ட் பாக்குறவியெல்லாம் குடும்பம் நடத்தலையா? நீயும் நைட் ஷிப்ட் பாரு'ன்னு. இப்ப பொழுது சாஞ்சா வானத்துக்கு டூட்டிக்குப் போறான். விடியவும் வாரான். தலையெல்லாம் பனி. இவ தோப்பு வாசல்ல துண்டும் சுக்குக்காப்பியுமா நிக்கா. ஆறிப்போன காப்பி அவன் கை பட்டதும் மறுபடி சூடாயிருதாம். செத்த நேரம் ரெண்டு பேரும் ஒரே டம்ளர்ல ஊதி ஊதிக் குடிக்காவ. பொறவு இவ காலேஜுக்கு, அவன் தூங்க."

நான் அசந்துபோனேன். மாதக்கணக்கில் தமிழிலும் யோசித்தேன், இங்கிலீஷிலும் யோசித்தேன். நைட் ஷிப்ட் தோன்றவில்லை. அதைக்கூட விடுங்கள். அந்தத் துண்டு! பனியில் நனைந்த தலையைத் துவட்ட ஒரு துண்டு வேண்டும் என்று எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் தோன்றாது.

அப்புறம்தான் உறைத்தது.

"பியூலா... வானம்னு நான் சொல்லவே இல்லையே?"

"சொல்லலையா?" பால்கோவாப் பொட்டலத்தை நிதானமாகப் பிரித்தாள். "அப்ப அந்தப் புள்ளதான் சொல்லியிருப்பா."

பாயசம் வந்தபோது மாமனார் சொன்னதன் மிச்சம் அப்போதுதான் ஞாபகம் வந்தது: "சொன்னா அவ அதைவிடப் பெரிசாத் திருப்பிச் சொல்லிருவா." அன்றைக்கே கடைசி அத்தியாயத்தை அவள் சொன்னபடி எழுதினேன். அட்டையில் ஆசிரியர் பெயரைப் பியூலா என்று போடச் சொல்லிப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன்.