உஸ் டீச்சர் சுட்ட கேக்

சத்தமே போடாமல் ஒரு தெருவை அடக்கி ஆண்டவர் பாளையங்கோட்டையிலேயே உஸ் டீச்சர் ஒருவர்தான். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையலும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயரைக் கேட்டால் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். வருஷம் முழுவதும் எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசுகிறவர், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மட்டும் உதட்டில் சுட்டுவிரலை வைத்துவிடுவார். அன்றைக்கு அவரிடமிருந்து வரும் ஒரே பேச்சு “உஸ்.”

காரணம், கேக். எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும்தான். கேக் சுடத் தெரிந்தவர் அவர் ஒருவரே. பெரிய பித்தளைத் தவலையில் ஆற்றுமணலைக் கொட்டிச் சூடேற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்குவார். மேலே இரும்புத்தட்டை மூடி, அதில் தேங்காய்ச் சிரட்டைக் கனலை அள்ளிப் போடுவார். அடியிலும் நெருப்பு, தலையிலும் நெருப்பு. நடுவில் மாவு எழும்ப வேண்டும். எழும்புகிற நேரத்தில் சத்தம் கேட்டால் அது பயந்து அமுங்கிவிடும் என்று டீச்சர் நம்பினார். தெருவையும் நம்ப வைத்திருந்தார்.

“அதுக்குக் காது இருக்கா டீச்சர்?” என்று ஒருமுறை தபால்காரர் கேட்டார்.

“அமுங்கிப் போனா நீரு வந்து தூக்கி விடுவீரா வே?” என்றார் டீச்சர். தபால்காரர் மறுவருஷம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கடிதங்களைக் கதவிடுக்கில் செருகிப் போனார்.

அன்றைக்குத் தெருவுக்குள் வருகிற மாட்டுவண்டிக்காரர்கள் இறங்கி, மாட்டின் கழுத்துமணியைக் கையால் பொத்திக்கொண்டு நடக்க வேண்டும். கூரையில் காகம் உட்கார்ந்தால் டீச்சர் கறுப்புக் குடையை விரித்து ஆட்டுவார், வாயால் விரட்டமாட்டார். ஒரு வருஷம் கோயில் குருவானவர் வீடு வீடாகச் சந்திக்க வந்தபோது அவருக்கும் அதே சுட்டுவிரல்தான். அவர் கண்ணை மூடி, மனசுக்குள்ளேயே ஜெபம் பண்ணிவிட்டு, தலையாட்டி விடைபெற்றுப் போனாராம்.

நான் மருமகளாக வந்த முதல் கிறிஸ்துமஸில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மியில் மசாலா அரைத்து முடித்து, குழவியைத் தூக்கி டொம்மென்று வைத்தேன். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு முகம் எழும்பியது. திட்டவில்லை, பார்த்தது. அவ்வளவுதான். கேக் நடுவில் குழிந்துபோயிற்று. ஈஸ்டர் பண்டிகை வரைக்கும் டீச்சர் எங்கள் வீட்டாரோடு பேசவில்லை. என் அத்தை, அதாவது மாமியார், அதற்குப் பிறகு எனக்குச் சொன்ன புத்திமதி இதுதான்: “வீடு தீப்பிடிச்சாலும் அன்னைக்குப் பையத்தான் சொல்லணும், கேட்டியா?”

மறுவருஷம், அதாவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், நான் பிள்ளைத்தாய்ச்சி. பண்டிகை கழிந்ததும் குலசேகரன்பட்டினத்துக்கு, என் அம்மா வீட்டுக்கு, அனுப்புவதாகப் பேசியிருந்தார்கள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. பண்டிகைக்கு முந்தின மத்தியானம் என் வீட்டுக்காரர் துணி எடுக்க டவுணுக்குப் போயிருந்தார். நான் மூங்கில் சிம்புகளை நட்சத்திரமாகக் கட்டி, சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப்பக்கம் தவலை அடுப்பில் ஏறி, தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது. விரலில் பசை காயும் முன்னே இடுப்பில் சுருக்கென்று வெட்டி இழுத்தது.

“அத்தை” என்றேன், குசுகுசுவென்று.

அத்தை வந்து என் முகத்தைப் பார்த்தார். வயிற்றைத் தொட்டார்.

“நாளு கிடக்கே தாயி. இப்பவே வலிக்கா?”

“வலிக்கு அத்தை.”

“சத்தம் போட்டுராத. இன்னும் கேக்கு இறங்கல. நான் மருத்துவச்சியக் கூட்டியாரேன்.” சொன்னவர் கதவுகூடக் கிறீச்சிடாமல் மெல்லத் திறந்து, வெளியே போய், அதன் பிறகுதான் ஓடினார்.

அத்தை திரும்பவில்லை. அடுத்த தெருவில் இருந்த மருத்துவச்சி வேறொரு பிரசவத்துக்காக வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டாள் என்பதும், அத்தை அவளைத் தேடி அங்கேயே நடந்துவிட்டார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். வலி விட்டு விட்டு வந்தது. பிறகு விடாமல் வந்தது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். சாகப்போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பயம். அந்தப் பயத்தைவிட மதிலுக்கு மேலே எழும்பும் அந்த முகத்தைப் பற்றிய பயம் பெரிதாக இருந்தது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. பாயைப் பிடிக்கக் கை நீட்டியபோது தண்ணீர்ச் செம்பு இடறி விழுந்தது. கல்தளத்தில் கணகணவென்று உருண்டு, சுவரில் முட்டி, திரும்பவும் உருண்டது.

கொல்லைக் கதவு திறந்தது. உஸ் டீச்சர் சுட்டுவிரலை உயர்த்தியபடியே உள்ளே வந்தார். நனைந்த பாயையும் என் வாயில் இருந்த துண்டையும் பார்த்தார். விரல் தாழ்ந்தது.

“ஏட்டி ஞானம், எதுக்கு வாயப் பொத்திக்கிட்டுக் கிடக்க?”

துண்டை எடுத்துவிட்டு, “கேக்கு, டீச்சர்” என்றேன்.

அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. என் பக்கத்தில் மண்டியிட்டு, துண்டைப் பிடுங்கித் தூர எறிந்தார்.

“கேக்கு நாசமாப் போகுது. கத்துட்டி. நல்லாக் கத்து.”

நான் கத்தினேன். டீச்சர் தெருவாசலுக்கு ஓடினார். மணியைப் பொத்திக்கொண்டு, மாட்டோடு மாடாக நடந்துபோன ஒரு வண்டிக்காரனைப் பார்த்து அவர் போட்ட கூச்சல் கோயில் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். “ஏலே, மணிய விடு. வண்டில ஏறு. மருத்துவச்சி காலைல வண்ணார்பேட்டைக்குப் போனதப் பாத்தேன், ரோட்டுல எங்கன இருந்தாலும் தூக்கிப் போட்டுட்டு வா.” வண்டி ஜல்ஜல்லென்று பறந்தது. தெருவில் கதவுகள் திறந்தன. கேக் நாளில் டீச்சரே கூச்சல் போடுகிறார் என்றால் உலகம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். எதிர்வீட்டு அம்மாள் அடுப்பில் வெந்நீர் வைத்தார்.

டீச்சர் அதுவரை பிரசவம் பார்த்தவர் இல்லை. “எனக்கு ஒண்ணும் தெரியாது, ஞானம். நீ சொல்லு, நான் செய்யுதேன்” என்றார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கர்த்தரைக் கூப்பிட்டோம்.

மருத்துவச்சியும் அத்தையும் வண்டியிலிருந்து இறங்குகிற நேரத்துக்குக் குழந்தை டீச்சர் கையில் வந்து விழுந்தது. பெண். நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

மருத்துவச்சி தொப்புள்கொடியை அறுத்து, வாயைத் துடைத்து, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் தட்டினாள். ஒன்றுமில்லை. திரும்பவும் தட்டினாள். அத்தை கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மருத்துவச்சி என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் குனிந்தார். குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “அழுட்டி” என்றார். பிறகு சத்தமாக, “அழுட்டி.” பிறகு தொண்டை கிழியக் கத்தினார். “உனக்கு யாரு சும்மா இருக்கச் சொன்னா? கத்துட்டி. ஊரே கேக்கட்டும், கத்து.”

பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. அப்புறம் ஒரு விக்கல். அப்புறம் என் மகள் அழுதாள். நீலம் மெல்லச் சிவப்பாக மாறியது. டீச்சர் சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அத்தை கண்ணைத் திறந்தார். பழக்கதோஷத்தில், “டீச்சர், கேக்கு அமுங்கிட்டா?” என்று கேட்டார்.

அப்போதுதான் எல்லோருக்கும் தீய்ந்த வாடை உறைத்தது. கேக் அமுங்கவில்லை. சிரட்டைக் கனலுக்குக் கீழே கரியாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்ததும் டீச்சர் அந்தக் கரியைத் தேங்காய்த் துருவியால் சுரண்டி, நடுவில் மிஞ்சியதை வீட்டுக்கு ஒரு துண்டாக எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துப் பங்கிட்டார். எல்லோரும் பயபக்தியோடு மென்றார்கள். “நல்லா வெந்திருக்கு டீச்சர்” என்றார் தபால்காரர். யாரும் சிரிக்கவில்லை. முதலில் சிரித்தது டீச்சர்தான்.

அன்று சாயங்காலம் ஒரு நூலோடு வந்தார். பிள்ளைக்கு லேஸில் தொப்பி பின்னப்போவதாகச் சொல்லி, குழந்தையை மடியில் போட்டு, தலையைச் சுற்றி அளவெடுத்தார். மறுநாளும் வந்தார். “நேத்து அளவு தப்பிட்டு” என்றார். அதற்கடுத்த நாள் நூல் தொலைந்துவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் கண்ணாலேயே அளவு சொல்லுகிறவர் என்று பெயரெடுத்தவர் அவர். மகளுக்குப் பல் முளைத்தது, நடந்தாள், சடை போடும் அளவுக்கு முடியும் வளர்ந்தது. தொப்பி வரவில்லை, அளவெடுக்க டீச்சர் வருவது மட்டும் நிற்கவில்லை. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் பின்னி முடித்துக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.