திரைக்குள் கிடந்தவருக்கு நான் கொடுத்த தண்ணீர்

பிள்ளைகளே, உலகத்திலேயே இல்லாத ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்து, அவருடைய சத்திரசிகிச்சையை நிறுத்தியவன் நான்.

என் மகள் தர்சினி தாதியாகப் படிக்கிறாள். உண்மையான நோயாளியைத் தொடுவதற்கு முன்னர், கணினிக்குள் இருக்கும் நோயாளியைப் பராமரித்துச் சித்தியடைய வேண்டும். கட்டில், மருந்து, தண்ணீர்க் குவளை எல்லாம் திரையில் இருக்கும். தொட்டால் வேலை நடக்கும். அன்று அவளுக்கு வீட்டிலிருந்தே பரீட்சை. தவறினால் அடுத்த கிழமை வார்டுக்குப் போக முடியாது.

பாதியில் அவளுடைய சார்ஜர் வயர் பழுதாகிவிட்டது.

"பக்கத்து வீட்டிலை ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன் அப்பா. ஒண்டையும் தொடாதேங்கோ!"

நான் அப்போதுதான் வெங்காயத் தோட்டத்தால் வந்து கை கழுவியிருந்தேன். (சாப்பிடுவதற்காகக் கழுவிய கை.)

திரையில் கிடந்த கிழவர் வாய் திறந்தார். "பிள்ளை, தொண்டை காயுது. கொஞ்சம் தண்ணி தாங்கோ."

மூன்று தரம் கேட்டார். எங்கள் படலை திறந்து வருபவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் கதை. குவளையைத் தொட்டேன். மடமடவென்று குடித்தார். பாவமாக இருந்தது, இன்னொன்றும் கொடுத்தேன்.

திரை சிவந்தது: "சத்திரசிகிச்சை ஒத்திவைக்கப்பட்டது."

வயரோடு ஓடிவந்த தர்சினி தலையில் கைவைத்தாள். "அவருக்கு இப்ப ஒப்பரேசன் அப்பா! மயக்க மருந்து குடுக்கேக்கை வயித்திலை கிடக்கிறது மேலை வந்து சுவாசப்பைக்குள்ளை போகும். தண்ணியும் குடுக்கக்கூடாது!"

"மனுசன் கேட்டவர் பிள்ளை."

"அது மனுசனே இல்லை!"

"தாகமெண்டு சொன்னவரே."

அவள் அழத் தொடங்கினாள். நானே அவளுடைய ரீச்சருக்குப் போன் எடுத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

"ஐயா, உண்மையான ஆசுப்பத்திரியிலையும் இப்பிடித்தான் செய்வியளோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் மச்சானின் குடலிறக்க ஒப்பரேசன் ஞாபகம் வந்தது. அன்று காலை அவருக்கு இரகசியமாக இளநீர் கொடுத்தவன் நான். வயிறு வெறுமையாக இல்லையென்று ஒப்பரேசன் பின்போனதற்கு வீட்டில் எல்லோரும் டொக்டரைத் திட்டினோம். (நான்தான் கூடச் சத்தமாகத் திட்டினேன்.)

"ஓம் ரீச்சர். ஒருக்கால் செய்தனான்."

ரீச்சர் இளநீர்க் கதை முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, மறுநாள் தர்சினி திரும்பச் செய்யலாம் என்றார். செய்தாள், சித்தியடைந்தாள்.

இப்போது அந்தக் கணினிப் பாடத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். சாரம் கட்டி, கையில் இளநீரோடு கட்டிலடிக்கு வருவார். அவரை மனம் நோகாமல் தடுத்து, காரணமும் சொன்னால்தான் புள்ளி. தர்சினியின் தோழிகள் எல்லோரும் என்னை ஒரு தரமாவது தடுத்திருக்கிறார்கள்.

தன் ஒப்பரேசன் பின்போனது என் இளநீரால்தான் என்று மச்சானுக்கும் தெரிந்துவிட்டது. நான் தேத்தண்ணீர் நீட்டினால் இன்றைக்கும் வாங்கமாட்டார். உள்ளே பார்த்துக் கூப்பிடுவார்:

"தர்சினி, மாமா இதைக் குடிக்கலாமோ?"