சமையலறைக்குள் வந்த நிர்வாகவியல்

காந்தன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவன். பதவி உயர்வுக்காக மாலை வகுப்பில் நிர்வாகவியல் படிக்கிறான். படிப்பு ஏறியதோ இல்லையோ, தலைக்கனம் ஏறிவிட்டது. ஆசை மட்டும் சின்னது. ஞாயிறு காலையில் நண்பன் நிவேந்திரனோடு டுரியான் துங்கால் அணைப் பக்கம் போய்த் தூண்டில் போட வேண்டும். மனைவி விஜயராணியோ, வாரம் முழுக்கத் தானும்தான் கிளினிக்கில் வேலை பார்ப்பதாகவும், ஞாயிறு சமையலில் பாதி அவனுடையது என்றும் கறாராகச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டிலேயே பாடத்தை ஆரம்பித்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஓர் இன்ஜினியர் தொழிலாளிகளின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்தாராம். வேண்டாததை வெட்டினாராம். இன்றைக்கும் தொழிற்சாலைகளில் அவர் புண்ணியத்தில்தான் எல்லார் உயிரும் போகிறது. அதே மாதிரி அளந்தால் நம் சமையலுக்கு ஓர் ஆளே தாராளம் என்று அடித்துச் சொன்னான்.

விஜயராணிக்கு நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்.

“கடிகாரத்தோட பக்கத்துல நின்னா, தொழிலாளிங்க சும்மாவா இருந்தாங்க?”

“எங்க இருந்தாங்க? வேணும்னே மெதுவா செஞ்சாங்க. வேகமா செஞ்சா வேலை கூடிடும்லா.”

“அப்படியா,” என்றாள். பாவம், அதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, காந்தன் அவள் பக்கத்தில் நின்றான். விஜயராணி பாசாரில் வாங்கி வந்த கெம்போங் மீனைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். கத்தியைத் தேடினாள். கிடைத்த கத்தியைக் கழுவினாள். பிறகு வேறு கத்தியைத் தேடினாள். காந்தனுக்குப் பொறுக்கவில்லை.

“தள்ளு. எப்படிச் செய்யணும்னு நான் காட்டுறேன்.”

கைப்பேசி அவள் கைக்கு மாறியது. அவன் மீனை வரிசையாக அடுக்கினான், சரசரவென்று குடல் எடுத்தான், கழுவினான், மஞ்சள் தடவினான். நின்ற இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை. அவளே வாய்விட்டுப் பாராட்டினாள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கையோடு வெங்காயத்தையும் உரித்துவிட்டான், புளியையும் கரைத்துவிட்டான்.

“என் நேரத்துல பாதிகூட ஆகலைங்க. இவ்வளவு கெட்டிக்கார ஆள் கெடைச்சா அந்த இன்ஜினியர் என்ன செய்வாராம்?”

“அந்த ஆள்கிட்டயே வேலையைக் குடுத்து...” நாக்கு பாதியில் நின்றது.

“அப்ப மத்தவங்களுக்கு?”

“திட்டம் போடுறவங்க வேற, செய்யிறவங்க வேற.” படித்தது தன்பாட்டில் வெளியே வந்தது. வாயை மூட நினைத்தபோது நேரம் கடந்துவிட்டது.

விஜயராணி தலையாட்டிவிட்டுக் கூடத்து நாற்காலியில் சாய்ந்து, அவன் புத்தகத்தையே பிரித்துக்கொண்டாள். அடுத்த பாடம் அவளுக்கு இன்னும் பிடித்துப்போனது. ஒரு பிரெஞ்சுக்காரர், ஓர் ஆளுக்கு ஒரே மேலதிகாரிதான் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாராம். அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. காரிலிருந்து நிவேந்திரன் தலையை நீட்டினான்.

“தூண்டில் எல்லாம் ரெடி. வர்றியாலா?”

காந்தன் மீன் வாடை அடிக்கும் கையோடு ஜன்னலுக்கு வந்து, மெல்லக் கூடத்துப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்.”